ஒன்பது பேரையும் நடக்கச் சொன்ன ரெங்கம்மா

பதுளையிலிருந்து வெலிமடைக்குப் போகிற பாதையில் மூன்றாம் கட்டைச் சந்தியில் இறங்கி, ரெங்கம்மா கங்காணியின் கடை எது என்று யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். கேட்டு வாயை மூடுவதற்குள் கை நீட்டிக் காட்டுவார்கள். பொம்பிளைக்கு எதற்குக் கங்காணி வேலை என்று தோட்டத்துத் தொரைமார் சிரித்த காலத்தில் அந்த வேலையைக் கேட்டு வாங்கியவள் அவள். மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. பதினான்கு வயதில் தலையில் தேயிலைக் கூடையை மாட்டினாள். முப்பத்தெட்டாவது வயதில் அறுபது பேரைக் கட்டி மேய்க்கிற கங்காணியாக மலையில் நின்றாள். வேலையிலிருந்து நின்ற பிறகும் மற்றவர்களைப் போல, தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பராவில் சுருண்டு படுக்கவில்லை. சந்தியில் சொந்தமாக றொட்டிக்கடை போட்டாள். பெயர்ப்பலகை எழுத வந்தவனிடம், தன் பெயரைவிடக் 'கங்காணி' என்ற சொல்லைப் பெரிதாக எழுதச் சொன்னாள்.

அவளிடம் ஒரு வித்தை இருந்தது. மூஞ்சியைப் பார்க்கத் தேவையில்லை, நடையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள். அது மந்திரம் இல்லை, தொழில் கற்றுக் கொடுத்தது. மழைக்காலத்தில் மலை முழுவதும் பனி மூடிவிடும். கொழுந்து பறிக்கிற பெண்கள் உச்சந்தலையிலிருந்து முழங்கால் வரைக்கும் ஒரே மாதிரி பொலித்தீனைச் சுற்றியிருப்பார்கள். எதிர்மலையிலிருந்து பார்த்தால் அறுபது கறுப்பு மூட்டைகள்தான் அசையும். அதற்குள் யார் தேயிலை நிரையை விட்டு நழுவுகிறாள், யார் தண்ணீர் வடிகிற கானுக்குள் குந்தி வெற்றிலை போடுகிறாள் என்று கண்டுபிடித்துப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். தப்பான பெயரைக் கூப்பிட்டால் அன்றோடு கங்காணிக்கு மரியாதை போயிற்று. இருபது வருடத்தில் ரெங்கம்மா ஒரு பெயரைக்கூடத் தப்பாகக் கூப்பிட்டதில்லை. இதை அவளே எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறாள்.

அந்தப் பெருமைதான் அவளைப் போன ஐப்பசியில் கோர்ட்டு வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது.

அவளுடைய ஒரே மகள் விஜயலெட்சுமி, தோட்டத்து முன்பள்ளியில் டீச்சர். அன்று சாயந்தரம் நாலரை மணியிருக்கும், தூறல் விழுந்துகொண்டிருந்தது. அவள் குறுக்குப் பாதையில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். கடையின் பின்பக்கத்தில் நின்றால் அந்தப் பாதை எதிரே தெரியும். ரெங்கம்மா கழுவின தண்ணீரைக் கொட்டப் போனவள், கறுப்பு மழைக்கோட்டும் ஹெல்மட்டும் போட்ட ஒருவன் தேயிலைக்குள்ளிருந்து வெளியே வந்து மகளின் கழுத்தில் கை போடுவதைப் பார்த்தாள். தாலிக்கொடி சும்மா வரவில்லை, மகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தது. அவள் கல்லுக்கட்டிலிருந்து உருண்டு கீழே கானுக்குள் விழுந்தாள். அவன் மேல்ரோட்டைப் பார்த்து ஏறினான். ரெங்கம்மா கத்திக்கொண்டு ஓடினாள். ஒரு வெற்றிலை மடிக்கிற நேரத்துக்கு அவன் முதுகும் காலும் அவள் கண்ணில் இருந்தன. வலது முழங்காலை வெளியே வீசி வீசி ஏறினான். பிறகு மேலே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

மகளுக்கு இடது கை மணிக்கட்டு முறிந்தது. தாலி போன கழுத்தில் அன்றைக்கே மஞ்சள் கயிறு கட்டினார்கள்.

மறுநாள் பொலிஸில் முறைப்பாடு எழுதிய சார்ஜன்ட், ஆளைக் கண்டால் அடையாளம் தெரியுமா என்று கேட்டார். வேறு யாராக இருந்தாலும் மூஞ்சியைப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்திருப்பார்கள். ரெங்கம்மாவுக்கு அது வாயில் வரவில்லை.

"தெரியாதுன்னு சொல்லிப் பழக்கமில்லைங்க எனக்கு. ஆயிரம் பேருக்குள்ள விடுங்க, இவன்தான்னு எடுத்துக் குடுக்குறேன்."

அதற்குப் பிறகு நடையைப் பற்றியும் வலது முழங்காலைப் பற்றியும் விளக்கமாகச் சொன்னாள். ஆனால் சார்ஜன்ட் அதற்குள் பேனையை மூடியிருந்தார். எழுதினது, அவளுக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் ஒரு பக்கம் இருந்தது. அவள் அடியில் தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக, அழகாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பெருவிரலைத்தான் உருட்டுவாள் என்று நினைத்திருந்த சார்ஜன்ட் அதைப் பார்த்து ஆச்சரியப்பட்டதில் அவளுக்குச் சந்தோஷம்.

மூன்றாம் நாள் அவளை மறுபடி கூப்பிட்டார்கள். ஆள் அகப்பட்டுவிட்டான் என்றார் சார்ஜன்ட். பெயர் நிஷாந்த். ஹல்துமுல்லைப் பக்கத் தோட்டத்துப் பையன், இருபத்தைந்து வயது, வெலிமடையில் மரக்கறி மூட்டை ஏற்றுகிற வேலை. சம்பவம் நடந்த நேரத்தில் சந்திக்குப் பக்கத்தில் அவனுடைய மோட்டார் சைக்கிளைக் கண்டவர்கள் இருக்கிறார்களாம். ஏற்கெனவே ஒரு அடிதடி வழக்கும் அவன் பேரில் இருக்கிறதாம்.

சார்ஜன்ட் அவளை முன்வாசலால் விடாமல் பின்பக்கத்துப் பச்சைக் கதவால் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே ஒருவன் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான். ஒரு கையை, வாங்கு என்கிற நீளப் பெஞ்சின் காலோடு விலங்கிட்டிருந்தார்கள். நெற்றியில் பழைய தழும்பு ஒன்று. கால்கள் இரண்டையும் மடக்கிப் பின்னால் வைத்திருந்தான்.

"இவன்தான்," என்றார் சார்ஜன்ட். கேள்வியாக இல்லை.

"எந்திரிச்சு நடக்கச் சொல்லுங்க, சொல்றேன்."

பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் சிரித்தான். சார்ஜன்ட் சிரிக்கவில்லை. "நடக்கத் தேவையில்ல அம்மா. கோர்ட்டுல வரிசையா நிப்பாங்க. நெத்தியப் பாத்து வச்சுக்கங்க. தோள்ல கை வச்சாப் போதும். யாரும் கேட்டா, நீங்க இன்னைக்கு இங்க வரவேயில்ல."

தரையில் இருந்தவன் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான். ஏதாவது கெஞ்சுவான் என்று நினைத்தாள். அவன் கால்களை இன்னும் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டான்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவளுக்கு உண்மையில் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. பொலிஸே பின்கதவைத் திறந்து அழைத்துக்கொண்டு போய்க் காட்டுகிற அளவுக்கு ஒரு றொட்டிக்கடைக்காரிக்கு மதிப்பு. சந்தியில் இறங்கியதும் இறங்காததுமாகக் கள்ளன் பிடிபட்ட கதையைச் சொன்னாள். அடையாள அணிவகுப்பு வைக்கப் போகிறார்கள் என்றும், நீதவான் முன்னால் தான்தான் ஆளை எடுத்துக் காட்டப் போவதாகவும் சொன்னாள். ஐஸ்கிரீம் வண்டிக்காரன் ஸப்வான்கூட வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டான். கங்காணி தொட்டால் தொட்டதுதான், அவன் பத்து வருடம் உள்ளே போகட்டும் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

பத்து வருடம் என்ற பேச்சுக் காதில் விழுந்ததும்தான் அவளுக்கு உள்ளே ஏதோ இடறியது. மாவைப் பிசைந்துகொண்டே அந்தப் பையனை மனதுக்குள் எழுப்பிக் குறுக்குப் பாதையில் ஏற்றிப் பார்த்தாள். மூஞ்சி வந்தது, நடை வரவில்லை. மறுபடி மறுபடி ஏற்றிப் பார்த்தாள். மழைக்கோட்டுக்காரன் ஏறினான். அவனைத் திருப்பி மூஞ்சியைக் காட்டச் சொன்னால் ஹெல்மட்தான் தெரிந்தது. ஹெல்மட்டுக்குள் பொலிஸ் காட்டின மூஞ்சியைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. அது அவளைப் பயமுறுத்தியது. வேறு எந்த மூஞ்சியை வைத்திருந்தாலும் அப்படித்தான் பொருந்தியிருக்கும்.

மகளிடம் மெல்ல எடுத்துச் சொன்னாள், அவனை நடக்க வைத்துப் பார்க்கவில்லையே என்று. விஜயலெட்சுமி மாக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு தாயை ஏறிட்டுப் பார்த்தாள்.

"பொலிசுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிருச்சா? சந்தி பூரா நின்னு பீத்துனது நீதானே. இப்பப் போயி தெரியாதுன்னு சொல்லு, காறித் துப்புவாங்க. ஒனக்கு மட்டும் இல்ல, எனக்குந்தான்."

ரெங்கம்மா எழுந்து அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

அணிவகுப்பு அடுத்த திங்கட்கிழமை. விளக்கமறியல் சிறையிலிருந்து நிஷாந்தைத் தலையில் துணியைப் போட்டு மூடி, வண்டியைக் கோர்ட்டு வாசலோடு ஒட்டி நிறுத்தி உள்ளே கொண்டுபோனார்கள். ரெங்கம்மாவை யாரோடும் பேச விடாமல் தனி அறையில் உட்கார வைத்தார்கள். கதவு பாதி திறந்திருந்தது. அந்தப் பக்கமாக நடந்துபோன சார்ஜன்ட் அவளைப் பார்க்காத மாதிரியே பார்த்து, நெற்றியை ஒரு விரலால் சொறிந்துவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில் கோர்ட்டு முதலியார் வந்து கூப்பிட்டார். நீதவான் பேசுகிற சிங்களத்தைத் தமிழில் சொல்கிற வேலை அவருக்கு. குமாரசிங்கம் என்று பெயர், யாழ்ப்பாணத்துக்காரர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, பயப்படாமல் வாங்கோ என்று முன்னால் நடந்தார். எனக்கென்ன பயம் என்று சொல்லிக்கொண்டு அவள் பின்னால் போனாள். போகிற வழியில் சேலைத் தலைப்பை இரண்டு தரம் சரிசெய்தாள்.

நீண்ட அறை. பொலிஸ்காரர் ஒருவரும் இல்லை. மேசைக்குப் பின்னால் நீதவான். சுவரோரமாக ஒன்பது பேர், ஏறத்தாழ ஒரே வயது, ஒரே உயரம். ஒன்பது பேரின் நெற்றியிலும் ஒரே இடத்தில் ஒரே அளவு பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. தழும்பை வைத்து யாரும் ஆளைப் பிடிக்கக் கூடாது என்று நீதவான் செய்த வேலை அது. இந்த மனிதர் தொழில் தெரிந்தவர் என்று ரெங்கம்மா உள்ளுக்குள் ஒத்துக்கொண்டாள். ஆனாலும் அவளை அந்தப் பிளாஸ்டரால் ஏமாற்ற முடியவில்லை. ஆறாவது ஆள் அவன்தான். கண்ணைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

சம்பவம் நடந்த நேரத்தில் பார்த்த ஆள் இந்த வரிசையில் இருந்தால் தொட்டுக் காட்டும்படி குமாரசிங்கம் சொன்னார். அவள் முதலாவது ஆளிலிருந்து நடந்தாள். ஐந்தாவது ஆளைத் தாண்டினாள். ஆறாவது ஆளின் முன்னால் அவளுடைய வலது கை அவளைக் கேட்காமலே இடுப்பு உயரத்துக்கு எழுந்துவிட்டது. மகளின் மஞ்சள் கயிறு, சந்தியில் காத்திருக்கிற கூட்டம், வெளியே நெற்றியைச் சொறிந்துகொண்டிருக்கிற சார்ஜன்ட், எல்லாம் சேர்ந்து அந்தக் கையைத் தூக்கின. இன்னும் ஒரு சாண் போனால் தோள். பையன் அவளுடைய கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் கையை இறக்கிச் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, இவங்களைக் கொஞ்சம் நடக்கச் சொல்ல ஏலுங்களா?"

குமாரசிங்கம் தடுமாறினார். "அம்மா, ஆளைத் தெரிஞ்சால் தொட்டுக் காட்டுங்கோ. தெரியாட்டி தெரியாது எண்டு சொல்லுங்கோ. அவ்வளவுதான்."

"நான் பார்த்தது நடைய மட்டுந்தாங்க. நிக்கிறவங்கள வச்சுக்கிட்டு நான் என்னத்தைச் சொல்ல?"

அதை அவர் சிங்களத்தில் சொன்னதும் நீதவான் பேனையைக் கீழே வைத்தார். முன்னாலிருந்த கடதாசிகளைப் புரட்டி ஓரிடத்தில் விரலை வைத்து ஏதோ கேட்டார். குமாரசிங்கம் அவளிடம் திரும்பி, பொலிஸில் நீங்கள் கொடுத்த வாக்குமூலத்தில் முகத்தைத் தெளிவாகக் கண்டதாக இருக்கிறதே என்று கேட்டார்.

"நான் அப்படிச் சொல்லலைங்க. அவன் ஹெல்மட் போட்டிருந்தான். கையெழுத்து என்னோடதுதான். எழுத்து என்னோடது இல்ல."

நீதவான் பேனையை எடுத்து அதையும் எழுதிக்கொண்டார். பிறகு ஒன்பது பேரையும் ஒவ்வொருவராக இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் நடக்கச் சொன்னார். முதலாவது ஆள் பெண் பார்க்கப் போகிறவனைப் போல நடந்தான். இரண்டாவது ஆள் வெட்கப்பட்டான். மூன்றாவது ஆளுக்குச் செருப்புப் பெரிது. ரெங்கம்மா மலையில் நிற்கிறவளைப் போல இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒவ்வொரு காலாகப் பார்த்தாள். முதல் ஐந்து பேரில் ஒருவனும் முழங்காலை வீசவில்லை.

ஆறாவது ஆள் புறப்பட்டான். குதிகால் நிலத்தில் படவில்லை. பாதத்தின் வெளிவிளிம்பை மட்டும் ஊன்றி, விரல்களைச் சுருட்டிக்கொண்டு, நெருப்பில் மிதிப்பவனைப் போல ஐந்து அடி வைத்தான். ஆறாவது அடியில் கை சுவரைத் தேடியது.

ரெங்கம்மாவுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. விடியக்காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டில் ஆட்கள் வந்து நிற்கும்போதே யாருக்குக் காலில் என்ன என்று பார்த்து, நோவுக்காரியைச் சரிவில் விடாமல் சமதரையான நிரையில் விட்டவள் அவள். சேற்றுப்புண் என்றால் விரலைத் தூக்கி நடப்பார்கள். கவ்வாத்து வெட்டின குச்சி குத்தினால் ஒரு கால்தான் நொண்டும். இரண்டு உள்ளங்காலும் ஒரே மாதிரி நோகிறது என்றால் அது தானாக வந்த நோவு இல்லை. அன்று பச்சைக் கதவுக்குள் அவன் ஏன் காலை மடக்கி வைத்திருந்தான் என்பதும், நடக்கச் சொன்னதற்குக் கான்ஸ்டபிள் ஏன் சிரித்தான் என்பதும் இப்போது விளங்கிற்று. அவளுக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை, ஆத்திரம்.

மற்ற மூவரும் முழங்காலை வீசாமலே நடந்து முடிந்ததும், ஆள் யார் என்று குமாரசிங்கம் கேட்டார்.

"சொல்ல முடியாதுங்க."

இவர்களில் ஒருவரும் இல்லை என்று எழுதவா என்று கேட்டார்.

"அப்படியும் எழுதாதீங்க. எட்டுப் பேரு இல்லைன்னு எழுதுங்க, அது நிச்சயம். இந்த ஆறாவது ஆளு நடந்தது அவன் நடையே இல்லைங்க, அடிபட்ட காலு நடந்த நடை. நல்ல காலோட நடந்திருந்தா இவன்தான்னோ, இவன் இல்லைன்னோ ஒரே வார்த்தையில சொல்லியிருப்பேன். என் மகள் தாலிய அறுத்தவன் இவனா இல்லையான்னு தெரிஞ்சுக்க இருந்த ஒரே வழியையும் அடிச்சுக் கெடுத்துட்டாங்க."

குமாரசிங்கம் ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்க்கத்தான் பார்த்தார். நடுவில் ஒரு தடவை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரெங்கம்மா இன்னும் முடிக்கவில்லை. இந்த ஆளைப் போன வாரமே பொலிஸ் தனக்குக் காட்டிவிட்டது என்றாள். எந்தச் சார்ஜன்ட், எந்தக் கதவு, நெற்றியைப் பார்த்து வைத்துக்கொள் என்று சொன்னது, இங்கே வரவேயில்லை என்று சொல்லச் சொன்னது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்தது, இனி அந்தச் சந்தியில் கடை திறப்பது பழையபடி இருக்காது என்று.

நீதவான் எழுந்து ஆறாவது ஆளிடம் போய், காலில் என்ன என்று கேட்டார். நிஷாந்த், வெளியே பொலிஸ் நிற்கிற கதவைப் பார்த்தான். நீதவான் கதவைப் பூட்டச் சொல்லிவிட்டு மறுபடி கேட்டார். அவன் மெதுவாகத் தரையில் உட்கார்ந்து, காலிரண்டையும் நீட்டி, உள்ளங்கால்களைக் காட்டினான். ரெங்கம்மா எத்தனையோ காலைப் பார்த்தவள். அதை ஒரு தடவைக்கு மேல் பார்க்கவில்லை.

சட்ட வைத்திய அதிகாரியிடம் அன்றைக்கே அவனைக் காட்ட உத்தரவாயிற்று. இந்தத் தடவை எழுதினதை வரி வரியாகத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகுதான் ரெங்கம்மா கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வாசலில் விஜயலெட்சுமி நின்றாள். காட்டினாயா என்று கேட்டாள். இல்லை என்றதும், அப்படியானால் என் தாலியை எடுத்தவன் யார் என்றாள். தெரியாது என்று ரெங்கம்மா சொன்னாள். பஸ்ஸில் மகள் முன்னால் போய் வேறு சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு, மாவு வேண்டுமா சீனி வேண்டுமா என்பதற்கு மேல் தாயோடு பேச்சில்லை. சந்தியிலும் விடவில்லை. கங்காணிக்குக் கண்ணுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று ஸப்வான் எல்லாருக்கும் கேட்கச் சொன்னான். ஒன்பது பேரை நடக்க வைத்து நீதவானையே நாற்காலியை விட்டு எழுப்பினவள் நான், நீ ஒரு ஆட்டையாவது எழுப்பியிருக்கிறாயா என்று அவள் திருப்பிக் கேட்டாள். ஆனால் வழக்கம்போலச் சத்தமாகக் கேட்கவில்லை.

வைத்திய அறிக்கை வந்தது. நிஷாந்துக்குப் பிணை கிடைத்தது. வழக்கு இன்னும் முடியவில்லை, கள்ளன் அவனா வேறொருவனா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. சார்ஜன்ட் பேரில் விசாரணை தொடங்கி, ரெங்கம்மாவுக்கு அழைப்பாணை வந்தது.

விசாரணைக்கு முதல் நாள் மத்தியானம், சார்ஜன்ட் சாதாரண உடுப்பில் கடைக்கு வந்து உட்கார்ந்தார். பிளேன்டீ கேட்டார். கடையில் இருந்த இரண்டு பேர் பாதி றொட்டியோடு எழுந்து போனார்கள். உள்ளே விஜயலெட்சுமி பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது.

சார்ஜன்ட் நல்ல விதமாகத்தான் பேசினார். வயதான ஆட்களுக்கு ஞாபகம் பிசகுவது சகஜம் என்றார். யாரும் அதைக் குற்றம் சொல்லமாட்டார்கள் என்றார். தாலியைத் தேடுவதும் தங்கள் கையில்தான் இருக்கிறது என்று, மேசையில் விழுந்த சீனியைத் தட்டிவிட்டபடி சொன்னார்.

"ஒரு சொல்லு போதும் அம்மா. அன்னைக்கு ஸ்டேஷனுக்கு வந்தேனா, யாரைப் பாத்தேன், சரியா ஞாபகம் இல்லைன்னு."

ரெங்கம்மா பிளேன்டீயைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"ஞாபகம் இல்லைன்னா? நானா?" என்றாள். "அன்னைக்குப் புதன்கிழமை. நான் வந்து எறங்கும்போது மணி பத்தே கால். நீங்க எடது கையில பைல் வச்சிருந்தீங்க, சாவி சட்டைப் பையில. விலங்கு அவன் வலது கையில. சட்டையில மேலருந்து மூணாவது பொத்தான் இல்ல. வாங்குக்கு அடியில ஒரு தண்ணி போத்தல் மூடியில்லாம கெடந்துச்சு. சொல்லுங்க சார், இதுல நான் எதை மறக்கணும்?"

சார்ஜன்ட் கோப்பையைத் தொடவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து, பெயர்ப்பலகையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனார்.

ரெங்கம்மா அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். விஜயலெட்சுமி உள்ளேயிருந்து வந்து, மாக்கட்டு அவிழ்த்த மெலிந்த கையால் கோப்பையை எடுத்தாள். தாயின் முகத்தைப் பார்க்காமல் மேசையைத் துடைத்தாள்.

"ஏழரை பஸ்ஸ விட்டா அடுத்தது ஒன்பதே முக்காலுக்குத்தான்," என்றாள். "கடைய நாளைக்குப் பூட்டுவோம். நானும் வாறேன்."